19-19இல் கை ஏன் இறுகுகிறது?

சனிக்கிழமை மாலை சுபாங் ஜெயாவில் எந்தப் பூப்பந்து அரங்குக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன். 17 புள்ளி வரைக்கும் வலையோரம் பந்தை அழகாக உருட்டிப் போட்டுக்கொண்டிருந்தான். 19-19 ஆகிறது. சர்வீஸ் போடப் போகும்போது முழங்கை விலாவோடு ஒட்டிக்கொள்கிறது. மணிக்கட்டு மரக்கட்டையாகிவிட்டது. பந்து வலையில். ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்துவிடுகிறார். "ஃபோக்கஸ் பண்ணுடா! கையைப் பார்த்து அடி! இந்த பாயிண்ட் போனா மேட்ச் போச்சு!" பையன் தலையாட்டுகிறான். அடுத்த பந்து கோட்டைத் தாண்டி ஒரு முழம் வெளியே விழுகிறது.

அப்பா பாசத்தில்தான் கத்தினார். ஆனால் அவர் சொன்ன மூன்று வாக்கியங்களும் மகனுடைய மூளைக்குள் என்ன வேலை செய்தன என்று தெரிந்தால் அவரே திடுக்கிட்டுப் போவார்.

புதிதாக ராக்கெட் பிடிக்கும் பிள்ளை எல்லாவற்றையும் மனத்துக்குள் சொல்லிக்கொண்டே செய்கிறது. கட்டைவிரல் இங்கே, முழங்கை மேலே, இடது கால் முன்னே. அந்த நிலையில் அசைவு முழுவதும் கவனத்தின் பிடியில் இருக்கிறது. அதனால் மெதுவாகவும் தப்பும் தவறுமாகவும் வருகிறது. ஆயிரக்கணக்கான முறை அடித்த பிறகு அந்தப் பொறுப்பு சிறுமூளை போன்ற பகுதிகளுக்குப் போய்விடுகிறது. அங்கே வார்த்தை கிடையாது, வரிசை கிடையாது, முழு அசைவும் ஒரே வீச்சில் ஓடி முடியும். பழகிய மாடிப்படியில் இறங்கும்போது எந்தக் காலை எங்கே வைக்கிறோம் என்று யோசிக்கத் தொடங்கினால் தடுமாறுவோமே, அதுதான் 19-19இல் நடக்கிறது. நெருக்கடி வந்ததும் மனம் பதறி, கையிடம் கொடுத்த வேலையைத் திரும்பப் பிடுங்கிக்கொள்கிறது.

அமெரிக்க உளவியலாளர் ராய் பௌமைஸ்டர் 1984இலேயே இதை முன்வைத்தார். 2002இல் சியான் பைலாக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் அதைச் சோதித்த விதம்தான் என்னை வியக்க வைத்தது. தேர்ந்த கோல்ஃப் ஆட்டக்காரர்களைப் பந்தைக் குழிக்குள் தள்ளச் சொன்னார்கள். ஒரு சுற்றில், ஒலிப்பேழையில் வரும் ஒலிகளைக் கேட்டுக்கொண்டே ஆட வேண்டும். குறிப்பிட்ட ஓர் ஒலி வந்தால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கவனம் சிதறும் என்றுதானே நினைப்போம்? அவர்களுடைய ஆட்டம் கெடவில்லை. இன்னொரு சுற்றில், மட்டையின் வீச்சு முடியும் அதே கணத்தில் 'ஸ்டாப்' என்று சொல்ல வேண்டும். அதாவது தங்கள் வீச்சைத் தாங்களே கண்காணிக்க வேண்டும். ஆட்டம் கெட்டது.

பிறகு கால்பந்து ஆட்டக்காரர்கள். கூம்புகளுக்கு நடுவே பந்தை வளைத்து வளைத்துக் கொண்டுபோக வேண்டும். பாதத்தின் எந்தப் பக்கம் பந்தில் படுகிறது என்று கவனித்துச் சொல்லச் சொன்னபோது, அனுபவசாலிகளின் வலது கால் தடுமாறியது. புதியவர்களுக்கோ அதே கவனிப்பு உதவியது. அதைவிட ஆச்சரியம், அதே அனுபவசாலிகள் அதிகம் பழகாத இடது காலால் ஆடியபோது கவனிப்பு அவர்களுக்கும் உதவியது. ஒரே ஆள், ஒரே பந்து, ஒரே அறிவுரை. பழகிய காலுக்கு அது கெடுதல், பழகாத காலுக்கு நன்மை.

இதைப் படித்த பிறகு, 'கையைப் பார்த்து அடி' என்ற சொல்லைப் பயிற்றுநர்கள் எப்போது பயன்படுத்த வேண்டும், எப்போது விழுங்கிவிட வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது. செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில், புதிய அடி ஒன்றைக் கற்பிக்கும்போது சொல்லலாம். சனிக்கிழமைப் போட்டியில், ஆயிரம் முறை அடித்த அடிக்குச் சொல்லக் கூடாது. அப்பாவின் மூன்றாவது வாக்கியத்துக்கு இன்னொரு கெடுதல் உண்டு. 'மேட்ச் போச்சு' என்பது இன்னும் நடக்காத ஒன்று. அதைச் சுமந்துகொண்டிருக்கும் மனத்தில், எதிரே நிற்பவன் எந்தப் பக்கம் சாய்கிறான் என்று பார்க்க இடம் மிஞ்சாது.

"அதெல்லாம் சரி, சில பேருக்கு மனசே பலம், சில பேருக்குப் பலவீனம்" என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. அதை நான் ஏற்பதில்லை. காரணம், நம் நாட்டின் மிகப் பெரிய விளையாட்டுக் கதையிலேயே இருக்கிறது.

2014 டிசம்பர், கெய்ரோ. உலக ஸ்குவாஷ் இறுதி ஆட்டம். பினாங்கில் பிறந்த நிக்கோல் டேவிட், 31 வயது. எதிரே எகிப்தின் ரனீம் எல் வெலிலி, அவருடைய சொந்த மண், சொந்த ரசிகர்கள். ரனீம் இரண்டு செட், நிக்கோல் ஒன்று. நான்காவது செட்டில் ரனீமுக்கு மேட்ச் பால் வந்தது. அதுவும் ஒரு முறை மட்டுமல்ல. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் உலகப் பட்டம். அந்த ஒரு புள்ளி கிடைக்கவில்லை. நிக்கோல் அந்த செட்டை 14-12 என்று பறித்து, ஐந்தாவதை 11-5 என்று முடித்தார். அது அவருடைய எட்டாவது உலகப் பட்டம்.

அன்றைக்குப் பார்த்தவர்கள் ரனீமை மனபலம் இல்லாதவர் என்று எழுதித் தள்ளியிருக்கலாம். ஆனால் அடுத்த ஆண்டே, ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து உலகின் முதல் இடத்தில் இருந்த நிக்கோலை அங்கிருந்து இறக்கியவர் இதே ரனீம்தான். 2017இல் மான்செஸ்டரில் உலகப் பட்டமும் வென்றார். பிறவிக் குணம் என்றால் மூன்று ஆண்டில் மாறியிருக்க முடியாது.

நிக்கோலும் அசையாத மனத்தோடு பிறந்தவர் இல்லை. 1999, 2001 என இரு முறை உலக இளையோர் பட்டம் வென்ற பிள்ளை, 2002 பூசான் ஆசிய விளையாட்டின் இறுதியில் தோற்றார். அதன் பிறகு சில காலம் ஆட்டத்தை விட்டு ஒதுங்கி இருந்தார். 2003இல் ஆம்ஸ்டர்டாமுக்குப் போய் ஆஸ்திரேலியரான லிஸ் இர்விங்கிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். நிக்கோலின் குழுவில் பெல்ஜியத்தைச் சேர்ந்த விளையாட்டு உளவியலாளர் பிராங்க் கபூட்டரும் இருந்தார். ஓர் அடியைத் திருத்த ஒருவர், உடலைப் பலப்படுத்த ஒருவர் என்பதுபோல மனத்துக்கும் ஒருவர். ஒன்பது ஆண்டுகள் உலகின் முதல் இடத்தில் இருந்தவருக்கே அது தேவைப்பட்டது. நம் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் 'தைரியமா ஆடு' என்ற இரண்டு சொல் போதுமா?

சரி, மனத்துக்குப் பயிற்சி என்றால் என்ன செய்வது? முதலில், இரண்டு புள்ளிகளுக்கு இடையிலுள்ள சில விநாடிகளை ஆட்டக்காரர் தன் கைவசம் ஆக்கிக்கொள்ள வேண்டும். உலகத் தர ஆட்டக்காரர்களைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது பந்து போன பிறகு கேமரா காட்டும் அந்த நேரத்தைக் கவனியுங்கள். ராக்கெட்டின் நரம்புகளைச் சரிசெய்வார்கள், ஒரு மூச்சை நீளமாக விடுவார்கள், பிறகுதான் கோட்டுக்கு வருவார்கள். 0-0இலும் அதே, 19-19இலும் அதே. இது சடங்கு போலத் தெரியும். உண்மையில் அது கவனத்துக்குப் போட்ட தண்டவாளம். போன புள்ளியிலும் வரப்போகும் தோல்வியிலும் அலைவதற்கு மனத்துக்கு நேரம் கொடுக்காமல் இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

அந்த ஓட்டத்தின் கடைசியில் கவனம் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதற்கும் பதில் உண்டு. காபிரியேல வுல்ஃப் என்ற ஆய்வாளர் 1990களின் இறுதியிலிருந்து செய்துவரும் சோதனைகளில் திரும்பத் திரும்ப ஒன்றே வருகிறது: கவனம் தன் உடலுக்குள் இருப்பதைவிட வெளியே இருந்தால் அசைவு சீராக வருகிறது. கையை நினைப்பதைவிடப் பந்து விழ வேண்டிய மூலையை நினைப்பது நல்லது. கூடவே சின்னதாக ஒரு சொல்லை மனத்துக்குள் சொல்லிக்கொள்ளலாம். 'மூலை', 'உயரம்', 'மெதுவா'. எது பிள்ளைக்கு ஒத்துவருகிறதோ அது. இப்படித் தனக்குத் தானே சொல்லிக்கொள்வதைப் பற்றிய 32 ஆய்வுகளை 2011இல் கிரேக்க ஆய்வாளர் ஹாட்சிஜியார்ஜியாடிஸ் குழுவினர் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பலன் மிதமானது, ஆனால் உண்மையானது. பழகிச் சொன்னவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது. போட்டி அன்று காலையில் திடீரென்று கண்டுபிடித்த சொல் கைகொடுக்காது.

ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இதைவிட எளிதான ஒன்றைக் காட்டினார். 'பதற்றப்பட மாட்டேன்' என்று உறுதி எடுப்பதால் பெரிய பயன் இல்லை. 'நடுவர் தப்பாகச் சொன்னால், திரும்பிப் பின்கோட்டைத் தொட்டுவிட்டு வருவேன்' என்று, இது நடந்தால் இதைச் செய்வேன் என முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்தால், அந்த நேரம் வரும்போது யோசிக்காமலே செயல் நடந்துவிடுகிறது.

பதற்றத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பயிற்றுநர் வகுப்புகளில் கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒரு வளைகோட்டைக் காட்டுவார்கள்: படபடப்பு குறைவாக இருந்தாலும் ஆட்டம் மந்தம், அதிகமானாலும் மோசம், நடுவில்தான் உச்சம் என்று. அதன் தொடக்கம் 1908இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் எலிகளுக்கு மின் அதிர்ச்சி கொடுத்துச் செய்த சோதனை. மனிதர்களுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. யூரி ஹானின் என்ற உளவியலாளர் விளையாட்டு வீரர்களையே ஆராய்ந்து சொன்னது, ஆளுக்கு ஆள் உச்ச நிலை வேறு என்பதுதான். சிலர் கொதித்தால்தான் நன்றாக ஆடுவார்கள். அதனால் எல்லோரையும் 'அமைதியா இரு' என்று அடக்குவது நியாயமில்லை. ஹார்வர்டில் அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்கள் எதிரில் கரோக்கே பாடச் சொன்னார்கள். பாடும் முன் 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டுப் பாடியவர்களின் சுருதி, 'எனக்குப் பதற்றமாக இருக்கிறது' என்று சொன்னவர்களுடையதைவிடத் தெளிவாகச் சேர்ந்தது. இரு தரப்புக்கும் நெஞ்சு ஒரே மாதிரி படபடத்தது. அந்தப் படபடப்புக்கு அவர்கள் கொடுத்த பொருள்தான் வேறு.

ஆனாலும், நெருக்கடியைப் பேச்சால் மட்டும் பழக முடியாது. நெதர்லாந்தில் ரவுல் அவுடெயன்ஸ் என்ற ஆய்வாளர் பலகையில் சிற்றம்பு எறியும் டார்ட்ஸ் ஆட்டத்தில் ஒரு குழுவைப் பயமே இல்லாத நிலையிலும், இன்னொரு குழுவை லேசான பயம் தரும் நிலையிலும் பயிற்சி எடுக்க வைத்தார். லேசான பயத்தோடு பழகியவர்கள், பிறகு பெரிய பயம் வந்தபோதும் குறி தவறவில்லை. வசதியான நிலையில் மட்டுமே பழகியவர்கள் தவறினார்கள்.

இந்தியத் துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ரா இதை ஆய்வுக்கூடம் இல்லாமலே செய்தவர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கிற்கு முன், அங்குள்ள பெரிய அரங்கின் விசாலமும் வெளிச்சமும் பழகட்டும் என்று ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, அதற்குள் இலக்குகளை அமைத்துச் சுட்டுப் பழகினார். பந்திக்கு இலை போடும் இடத்தில் ஒலிம்பிக் தங்கத்துக்கான பயிற்சி! பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் அவருடையது. சுபாங் ஜெயாவிலோ கிள்ளானிலோ உள்ள பயிற்றுநர்கள் இதைச் செலவில்லாமல் செய்யலாம். பயிற்சியின் கடைசிப் பத்து நிமிடத்தில், ஸ்கோரை 18-19 என்று வைத்துத் தொடங்குங்கள். மற்ற பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நின்று கத்தட்டும். தோற்றவர் வலையைச் சுருட்டட்டும். வாரம் ஒருமுறை இப்படி ஆடிய பிள்ளைக்கு உண்மையான 18-19 அந்நியமாக இருக்காது.

களத்துக்கே போக முடியாத நிலையிலும் மனத்துக்கு வேலை உண்டு. கெடா, சுங்கை பட்டாணியில் பிறந்த நம் சிவசங்கரி சுப்ரமணியம், 2022 ஜூனில் கார் விபத்தில் சிக்கினார். மண்டையிலும் முகத்திலும் முதுகெலும்பிலும் முறிவு. பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டிக்குச் சில வாரமே இருந்தது, போக முடியவில்லை. அடுத்த ஆண்டு அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் மகளிர் ஒற்றையர் தங்கம். 2024இல் லண்டன் ஸ்குவாஷ் கிளாசிக்கில் அப்போது உலகின் முதல்நிலை ஆட்டக்காரராக இருந்த நூர் எல் ஷெர்பினியை வீழ்த்தி, இறுதியில் ஹானியா எல் ஹம்மாமியை ஐந்து செட் போராடி வென்று பட்டம். அந்த இடைப்பட்ட மாதங்களில் அவருக்குள் என்ன நடந்தது என்பது அவருக்கே உரியது. அதை நான் ஊகித்து எழுதப் போவதில்லை. ஆனால் படுக்கையில் கிடக்கும் ஒரு வீரர் என்ன செய்ய முடியும் என்பதை அறிவியல் சொல்கிறது.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவ நிலையத்தில் வினோத் ரங்கநாதனும் சக ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட சோதனை இது. பன்னிரண்டு வாரம், ஒரு குழு சுண்டுவிரலைப் பக்கவாட்டில் முழு பலத்தோடு தள்ளிப் பயிற்சி செய்தது. இன்னொரு குழு விரலை அசைக்கவே இல்லை. தள்ளுவதாக மனத்தில் மட்டும் முழு முனைப்போடு நினைத்தது. முதல் குழுவின் விரல் பலம் 53 விழுக்காடு கூடியது. நினைத்து மட்டும் பார்த்த குழுவுக்கு 35 விழுக்காடு! தசை வளர்ந்ததால் வந்த பலம் என்று இதைச் சொல்ல முடியாது. மூளையிலிருந்து தசைக்குப் போகும் கட்டளை வலுத்திருந்தது. கற்பனையில் அசைக்கும்போதும் மூளையின் இயக்கப் பகுதிகளில் பெரும்பாலானவை விழித்துக்கொள்கின்றன என்பது வேறு பல ஆய்வுகளிலும் தெரிந்த செய்தி. கணுக்கால் சுளுக்கி வீட்டில் கிடக்கும் பிள்ளை, கண்ணை மூடி, தன் சொந்த ஷூ, தன் ராக்கெட், தான் ஆடும் அதே அரங்கின் வெளிச்சம் எல்லாவற்றோடும், உண்மையான வேகத்தில் தன் அடிகளை மனத்துக்குள் அடித்துப் பார்க்கலாம். கோப்பையைத் தூக்குவது போலக் கனவு காண்பது இதில் சேராது. அதனால் கைக்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் போட்டி நாளுக்கு. அந்த நாள் வரைக்கும் பிள்ளை ஆட்டத்தை விடாமல் இருக்க வேண்டுமே! எனக்கு அதிகக் கவலை தருவது இந்த இடம்தான். பன்னிரண்டு வயதில் மாவட்ட அளவில் மின்னிய பிள்ளைகள், படிவம் நான்கில் ராக்கெட்டைத் தொடுவதே இல்லை.

1973இல் மார்க் லெப்பர் குழுவினர் ஸ்டான்ஃபோர்டில் ஒரு பாலர் பள்ளியில் செய்த சோதனையை ஒவ்வொரு பெற்றோரும் அறிய வேண்டும். வண்ண மார்க்கரால் படம் வரைய ஆசைப்படும் குழந்தைகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் போட்ட சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொன்னார்கள். இரண்டாவது பிரிவுக்குச் சொல்லாமல் திடீரென்று கொடுத்தார்கள். மூன்றாவதற்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து மார்க்கர்களை மேசையில் வைத்து, ஒன்றும் சொல்லாமல் கவனித்தார்கள். பரிசுக்காக வரைந்த பிரிவு, மற்ற இரு பிரிவுகளும் செலவிட்ட நேரத்தில் ஏறத்தாழப் பாதியைத்தான் வரைவதில் செலவிட்டது. விளையாட்டாக இருந்தது கூலி வேலையாகிவிட்டது.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் இருவரும் பிறகு இதை வளர்த்தெடுத்தார்கள். மனிதர் ஒரு செயலில் நீண்ட நாள் நிலைக்க மூன்று வேண்டும்: இது நான் தேர்ந்தெடுத்தது என்ற எண்ணம், எனக்குத் திறமை கூடிக்கொண்டே வருகிறது என்ற உணர்வு, என்னைச் சுற்றி என் ஆட்கள் இருக்கிறார்கள் என்ற நெருக்கம். பரிசுப் பணம் கெட்டது என்று அவர்கள் சொல்லவில்லை. 'நீ முன்னேறியிருக்கிறாய்' என்று தெரிவிக்கும் பரிசு ஊக்கும். 'இதற்காகத்தான் ஆடுகிறாய்' என்று கட்டிப்போடும் பரிசு வற்ற வைக்கும். ஒலிம்பிக் தங்கத்துக்கு நம் அரசு பத்து லட்சம் ரிங்கிட் அறிவித்திருக்கிறது. அது நாடு காட்டும் மரியாதை, அவசியமும்கூட. ஆனால் காலை ஐந்தரைக்கு எழுந்து ஓடும் பதினாலு வயதுப் பிள்ளையைப் படுக்கையிலிருந்து எழுப்புவது அந்தத் தொகை இல்லை.

புக்கிட் ஜாலிலில் உள்ள தேசிய விளையாட்டுக் கழகத்தில் தேசிய வீரர்களுக்கு உளவியலாளர்கள் இருக்கிறார்கள். அந்த வாசலை எட்டும் முன்பே ஆட்டத்தை விட்டுவிடும் பிள்ளைகளுக்கு இருப்பது பெற்றோரும் பள்ளி ஆசிரியரும் அரங்கில் பயிற்சி கொடுக்கும் அண்ணனும்தான். எனவே உங்களிடம்தான் கேட்கிறேன். காலில் வேகமும் கண்ணில் கூர்மையும் உள்ள பிள்ளைக்கு, வாரத்தில் ஒரு கால்மணி நேரம் இந்த மனப் பயிற்சிக்கும் ஒதுக்குங்கள். போட்டி நடக்கும்போது கை தட்டுங்கள். கையைப் பற்றிப் பேசாதீர்கள். முடிந்ததும், 'எத்தனைக்கு எத்தனை' என்று கேட்கும் முன், 'இன்னிக்கு எந்த அடி உனக்குப் பிடிச்சிருந்தது?' என்று கேளுங்கள்.

2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் முதல்முறையாக இடம்பெறுகிறது. நிக்கோல் பல ஆண்டுகள் குரல் கொடுத்தும் அவர் ஆடிய காலத்தில் கிடைக்காத வாய்ப்பு அது. அப்போது சிவசங்கரிக்கு 29 வயது. பாரிஸ் 2024 முடிய ஒலிம்பிக்கில் மலேசியா வாங்கிய பதக்கங்கள் 15. அவற்றில் தங்கம் ஒன்றுகூட இல்லை.